சட்டச் செய்திக்கும் ஸனது வேண்டும்

பிறர் பொருளை அவர் மனம் ஒப்பாமல் எடுத்தல் ஆகாது என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறிந்த பாடம். அண்டை வீட்டு ரம்புத்தான் மரத்தில் கேளாமல் ஒரு பழம் பறித்தாலும், “அது நமக்கு ஹலால் ஆகாது” என்று தாய் தடுத்துவிடுகிறாள். ஆனால் ஒரு புலவர் பல இரவு கண்விழித்து இயற்றிய பாட்டையோ, ஓர் ஆலிம் பல்லாண்டு ஓதித் தெளிந்து எழுதிய நூலையோ கைபேசியில் ஒரு விரல் தட்டி எடுத்து, எழுதியவர் பெயரையும் நீக்கி, நூறு பேருக்கு அனுப்பும்போது தடுக்கும் குரல் எதுவும் எழுவதில்லை. எழுத்தும் ஒரு பொருளே, அதற்கும் உடையவர் உண்டு என்பது இன்னும் நம் மனத்தில் பதியவில்லை.

மலாய் மொழியில் பதிப்புரிமையை ‘ஹக் சிப்தா’ என்கிறார்கள். அதிலுள்ள ‘ஹக்’ நாம் நாள்தோறும் வழங்கும் அரபுச் சொல்லே. அடியார்களின் ஹக்கை உடையவர் மன்னித்தாலன்றி அது நம்மை விட்டு நீங்காது என்பதை நம் உலமாக்கள் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கின்றனர். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத் நகரில் கூடிய தன் 5ஆம் அமர்வில், நூலாக்கும் உரிமை, புதிதாகக் கண்டுபிடிக்கும் உரிமை ஆகியவை ஷரீஅத்தின் பாதுகாப்புப் பெற்ற உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்றும் தீர்மானித்திருக்கிறது. ஆகவே இஃது அரசாங்கத்துக்கு அஞ்சி நடக்கும் காரியம் மாத்திரம் அன்று. மார்க்கத்தைச் சேர்ந்த காரியமுமாகும்.

நமக்கு இது எதற்கு?

செனாவாங் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. இன்று அது தொழிற்பேட்டையும் தாமான்களும் நிறைந்த இடமாகிவிட்டது. முன்னாளில் ஒரு மீலாது மலர் வெளியிட வேண்டுமானால் அச்சகத்தை நாட வேண்டும். எழுத்துக் கோத்து, மெய்ப்புத் திருத்தி, பணம் கட்டி, காத்திருக்க வேண்டும். இன்றோ ஒவ்வோர் இளைஞர் சட்டைப்பையிலும் ஓர் அச்சகம் இருக்கிறது. வசதி பெருகியிருப்பதுபோலவே பொறுப்பும் பெருகியிருக்கிறது.

நம்மைப் போன்ற சங்கங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஐந்து வகையானவை. மறைந்த அறிஞர் ஒருவரின் பழைய கட்டுரையை மலரில் மறுபடி அச்சிடலாமா? பழங்காலக் காப்பியம் ஒன்றை உரையோடு வெளியிடலாமா? மதரஸாப் பாடநூலைப் போட்டோஸ்டாட் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இஸ்லாமியப் பாடல்களை விழாவில் ஒலிக்கச் செய்து, பிறகு இணையத்திலும் ஏற்றலாமா? தோட்டத்தில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரின் கைப்பிரதிப் பாட்டுகளை நூலாக்கலாமா?

இவற்றுக்கு விடை தேட நம் பிள்ளைகள் இணையத்தில் இறங்குகின்றனர். ஒரு பக்கம், ஆசிரியர் இறந்து 50 ஆண்டு கழிந்தால் போதும் என்கிறது. மற்றொன்று 60 என்கிறது. வேறொன்று 70 என்கிறது. பதிவு செய்யாத நூலுக்கு உரிமையே இல்லை என்கிறது ஒன்று. நூற்றுக்குப் பத்துப் பங்கு எடுத்தால் குற்றமில்லை என்கிறது இன்னொன்று. ஒவ்வொன்றும் தயக்கமின்றி உறுதியாகவே பேசுகிறது. கேட்பவர் எதை ஏற்பார்? பெரும்பாலும், தமக்கு எது வசதியோ அதையே ஏற்றுக்கொள்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஸனது என்னும் அளவுகோல்

இத்தகைய குழப்பம் நம் சமூகத்துக்குப் புதிதன்று. ஹதீதுகளைத் தொகுத்த இமாம்கள் இதனினும் பெரிய குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர்கள். ஹிஜ்ரி 256ல், அதாவது கி.பி. 870ல், மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் அவர்களைப் போன்றோரும், ஒரு சொல் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை ஏற்றதில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவரா, சங்கிலி எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று ஸனதை ஆராய்ந்த பின்னரே மத்னை ஏற்றார்கள். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனமும் நமக்குக் கட்டளையிடுகிறது.

ஹதீதின் மதிப்பு வேறு, சட்டச் செய்தியின் மதிப்பு வேறு. ஆயினும் ஆராயும் முறையை நாம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் காணும் எந்தச் சட்டச் செய்தியையும் நான்கு கேள்விகளால் சோதிக்க வேண்டும். அவையாவன: எந்த நாடு? எந்த ஆண்டு? யார் சொன்னது? மூலம் எங்கே?

முதற் கேள்வி: எந்த நாடு?

‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையை நடத்திய பா. தாவூத் ஷா சாகிபை மூத்த வாசகர்கள் அறிவார்கள். 1885ல் பிறந்த அவர் 1969ல் காலமானார். அவருடைய எழுத்து ஒன்றை நம் மலரில் வெளியிட விரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

மலேசியச் சட்டப்படி இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும், அவர் மறைந்த பின் 50 ஆண்டும் நிற்கும். கணக்கு மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து போடப்படும். ஆகவே இங்கே அவ்வுரிமை 2019 முடிவோடு தீர்ந்தது. இந்தியாவில் 60 ஆண்டு. அங்கே பொதுக் கணக்குப்படி 2029 முடியும் வரை உரிமை நிற்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் 70 ஆண்டு கொடுக்கிறது. அக்கணக்கில் 2039 வரை செல்லும். ஒரே மனிதர், ஒரே எழுத்து. மூன்று நாட்டில் மூன்று விடை!

இப்போது பாருங்கள்: 50 என்றவரும் பொய் சொல்லவில்லை; 60 என்றவரும், 70 என்றவரும் பொய் சொல்லவில்லை. தாம் எந்த நாட்டுச் சட்டத்தைப் பேசுகிறோம் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டார்கள். நாமும் கேட்காமல் விட்டோம். பெர்ன் உடன்படிக்கை என்னும் 1886ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தில் மலேசியா 1990 அக்டோபர் 1 முதல் சேர்ந்திருக்கிறது. அதனால் பிற உறுப்பு நாடுகளின் நூல்களுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஆயினும் இங்கே அச்சிடுவதற்கு இந்நாட்டுச் சட்டத்தையே பார்க்க வேண்டும். அதே எழுத்தைத் தமிழ்நாட்டில் அச்சிட்டு விற்பதானால் அந்நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளை அதிகமாகத் திசை திருப்புபவை அமெரிக்கப் பக்கங்கள். ஆங்கிலத்தில் தேடினால் பெரும்பாலும் அவையே முன்வரிசையில் வந்து நிற்கின்றன. அந்நாட்டில் ஒருவர் தம் நாட்டுப் படைப்புக்காக வழக்குத் தொடுக்க வேண்டுமானால் பதிவு அவசியம். நம் நாட்டில் அப்படியில்லை. எழுதி முடித்த உடனேயே உரிமை தானாக உண்டாகிறது. பதிவும் வேண்டாம், வட்டத்துக்குள் ‘சி’ என்னும் அடையாளமும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் ‘நாட்டுடைமை’ என்று ஒரு வழக்கமும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசாங்கம் 1949ல் பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கு உரியதாக்கிற்று. அதன் பிறகு வேறு பல ஆசிரியர்களின் நூல்களும் அவ்வாறு ஆக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே தமிழக ஆசிரியர் ஒருவரைப் பற்றிக் கணக்குப் போடும்போது, அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவையா என்பதையும் தமிழக அரசின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

இரண்டாம் கேள்வி: எந்த ஆண்டு?

சட்டம் கல்லில் வெட்டிய எழுத்தன்று. நாடாளுமன்றம் அதைத் திருத்திக்கொண்டே வருகிறது. இந்தியாவிலும் ஒரு காலத்தில் 50 ஆண்டுதான் இருந்தது. 1941ல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் தறுவாயில், 1992ல் அது 60 ஆக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் அச்சான இந்தியச் சட்டநூலில் 50 என்று இருந்தால் அஃது அன்றைக்குச் சரி, இன்றைக்குத் தவறு.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டுச் சட்டம். சட்ட எண் 332. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, விரும்புவோர் தம் படைப்பை அரசாங்கத்தில் அறிவித்து வைக்கும் முறை வந்தது. இது கட்டாயமன்று, வழக்கு வந்தால் சான்றாக உதவும். 2022 மார்ச் 18ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒளிபரப்புகளை இணைய வழியே இழுத்துத் தரும் டிவி பெட்டிகளையும் அவை போன்ற கருவிகளையும் விற்போர்க்கு 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதமும், 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமளிக்கிறது. 2010ல் எழுதிய ஒரு பக்கத்தில் இவற்றில் ஒன்றையும் காண முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அண்டை நாடாகிய சிங்கப்பூரின் பழைய பதிப்புரிமைச் சட்டமும் 1987ஆம் ஆண்டைச் சேர்ந்ததே! அது 2021 நவம்பரில் நீக்கப்பட்டுப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ‘1987ஆம் ஆண்டுச் சட்டம்’ என்று மட்டும் கண்டு சிங்கப்பூர்ப் பக்கத்தை நம் நாட்டுப் பக்கமென்று எண்ணிவிடலாகாது.

மூன்றாம் கேள்வி: யார் சொன்னது?

ராவிகளில் தரம் இருப்பதுபோல இணையப் பக்கங்களிலும் தரம் உண்டு. சட்டத்தை இயற்றிக் காக்கும் அரசாங்க நிலையங்கள் முதல் தரம். அவற்றின் முகவரி ‘கவ் டாட் எம்வை’ என்று முடியும். வழக்கறிஞர் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பெயரும் தேதியும் இட்டு வெளியிடும் கட்டுரைகள் இரண்டாம் தரம்; சட்டத்தை விளங்கிக்கொள்ள இவை பெரிதும் துணை செய்யும். பத்திரிகைச் செய்திகள் மூன்றாம் தரம். எழுதியவர் பெயரின்றி வாட்ஸ்அப்பில் கை மாறி வரும் செய்திகளோ சங்கிலி அறுந்தவை. அவற்றின்மேல் எந்த முடிவையும் கட்டக்கூடாது.

இப்போது கேட்டவுடன் மறுமொழி கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துள்ளன. அவை சில வேளைகளில் இரு நாட்டுச் சட்டங்களைக் கலந்துவிடும்; இல்லாத பிரிவு எண்ணையும் இருப்பதுபோல் சொல்லிவிடும். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவைத் தேடலாம் என்று அவற்றிடம் வழி கேட்கலாம். தீர்ப்பைக் கேட்கலாகாது.

நான்காம் கேள்வி: மூலம் எங்கே?

நம் நாட்டின் கூட்டரசுச் சட்டங்களைச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் தன் இணையத்தளத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டிருக்கிறது. ‘அக்தா ஹக் சிப்தா 1987’ என்றோ, சட்ட எண் 332 என்றோ தேடினால் அகப்படும். மலாய்ப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இதனை வாசிப்பது கடினமன்று. பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பதிப்புரிமையைக் கவனிக்கும் அரசாங்க நிலையம் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். ‘மைப்போ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் தலைமை அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறது. சட்ட விளக்கங்கள், படைப்பை அறிவிக்கும் படிவங்கள், இசைக்கு உரிமம் வழங்க அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் விவரம் ஆகியவற்றை அதன் தளத்தில் தேடலாம். வெளிநாட்டுச் சட்டம் வேண்டுவோர், ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் ‘வைப்போ லெக்ஸ்’ என்னும் சட்டக் களஞ்சியத்தைக் காசின்றிப் பார்க்கலாம்.

கேள்விகளுக்கு விடை

இனி, மேலே கண்ட ஐந்து கேள்விகளையும் நம் நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தாவூத் ஷா சாகிபின் எழுத்தை இந்நாட்டில் அச்சிடத் தடையில்லை என்பதை முன்னரே கணக்கிட்டோம். எனினும் அந்நூலின் புதுப் பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரைக்கும், வரைந்த படத்துக்கும் தனி உரிமை உண்டு. அவற்றைச் சேர்த்து எடுக்கலாகாது.

உமறுப்புலவரின் சீறாப்புராணமும், 1838ல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களும் பொதுச் சொத்தாகிவிட்டவை. அவற்றுக்கு நம் காலத்து அறிஞர் எழுதிய உரை அப்படியன்று. மூலத்தை எடுக்கலாம், உரைக்கு அனுமதி கேட்க வேண்டும்.

பாடநூலைப் போட்டோஸ்டாட் எடுப்பது பற்றிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பேசுகிறது. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, திறனாய்வு போன்றவற்றுக்காக நியாயமான அளவில் கையாள அது இடம் கொடுக்கிறது. நூற்றுக்கு இத்தனை பங்கு என்னும் கணக்கு அதில் இல்லை. நோக்கம் என்ன, படைப்பு எத்தகையது, எடுத்த அளவு எவ்வளவு, அதனால் நூலின் விற்பனைக்கு என்ன கேடு என்ற நான்கையும் சேர்த்தே எடை போட வேண்டும். ஒரு பாடத்தை விளக்க ஒரு பகுதியை எடுப்பது வேறு. விலை கொடுத்து வாங்க வேண்டிய நூலை முழுவதும் நாற்பது பிரதி எடுப்பது வேறு. பின்னதற்குப் பதிப்பாளரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்பதே நேர் வழி.

பாடல்களைப் பொறுத்தவரை, இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்கள் 2015ல் மறைந்துவிட்டார்கள், ஆகையால் இனித் தடையில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. ஒரு பாட்டில் சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை எனப் பல உரிமைகள் உள்ளன. சொல்லின் உரிமைக்குப் பாட்டு எழுதிய புலவரின் மறைவு ஆண்டையே பார்க்க வேண்டும். இலாப நோக்கமற்ற சங்கம், அறத்துக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் படைப்பை நிகழ்த்தவும் ஒலிக்கச் செய்யவும் 13ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அந்த விலக்கு நம் மண்டபத்தோடு நின்றுவிடும். அதே பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதை அது தழுவாது.

ஐந்தாவது, நம் நெஞ்சுக்கு மிக நெருங்கியது. தோட்டத்து மக்களிடையே பாட்டுக் கட்டியவர்களும், வரலாறு குறித்து வைத்தவர்களும் இருந்தனர். அச்சேறாத அவர்களின் கைப்பிரதிகள் எத்தனையோ வீடுகளில் பெட்டிக்குள் உறங்குகின்றன. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராத படைப்புக்கு, முதன்முதல் வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு உரிமை உண்டு என்று நம் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை அவருடைய வாரிசுகளைச் சேரும். ‘பழைய நோட்டுப் புத்தகம்தானே’ என்று எடுத்துப் பெயர் மாற்றி அச்சிடுவோரிடமிருந்து நம் ஏழைப் புலவர்களின் மக்களைக் காப்பது இந்தச் சட்டமே. படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டிய கடமையும் 25ஆம் பிரிவில் இருக்கிறது. எனவே பதிப்புரிமை பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதென்று யாரும் நினைக்க வேண்டாம்.

எழுதி வையுங்கள்

உரிமை மீறிய பிரதிகளை விற்பதற்காக ஆக்குவோர்க்கும் பரப்புவோர்க்கும் 41ஆம் பிரிவு கடுந்தண்டனை விதிக்கிறது: ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நல்லெண்ணத்தோடு நடந்ததையும், உரிமை மீறல் ஆகும் என்று எண்ண நியாயமான காரணம் இல்லாதிருந்ததையும் மெய்ப்பிப்பவரை அதே பிரிவு குற்றத்திலிருந்து விலக்குகிறது. ‘இணையத்தில் இருந்தது, எடுத்தேன்’ என்பது அத்தகைய மெய்ப்பாகாது. தேடியதற்கு அடையாளம் வேண்டும்.

ஆதலால் மலர்க் குழுவினர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வோர் ஆக்கத்துக்கும் ஆசிரியர் பெயர், மறைந்த ஆண்டு, பார்த்த சட்டப் பிரிவு, பார்த்த தளம், பார்த்த தேதி, பெற்ற அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் குறித்து வைக்கட்டும். ஐயம் நீங்காத இடத்தில் மைப்போவுக்கு எழுதிக் கேட்கலாம். பணம் புரளும் காரியமானால் வழக்கறிஞரை நாடலாம். விடை கிடைக்கும் வரை அந்த ஆக்கத்தை நிறுத்தி வைப்பதே பேணுதல்.

இக்கட்டுரைக்கும் அந்த நான்கு கேள்விகள் பொருந்தும். இதில் கண்ட ஆண்டையும் பிரிவையும் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் ஏதேனும் பின்னர் வந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மாணவர் பயிற்சிக்கு

1. 1975ல் மறைந்த ஆசிரியர் ஒருவரின் நூலுக்கு மலேசியாவிலும் இந்தியாவிலும் உரிமை எந்த ஆண்டு முடிவில் தீரும்?

2. உங்கள் கைபேசிக்கு வந்த சட்டச் செய்தி ஒன்றை எடுத்து, நான்கு கேள்விகளையும் கேட்டு, விடைகளை எழுதுக.

3. உங்கள் வீட்டில் அச்சேறாத கைப்பிரதி இருந்தால், எழுதியவர் பெயரையும் இப்போதைய வாரிசுகளின் பெயரையும் அதன் முதற் பக்கத்தில் குறித்து வைக்க.

பிறர் உழைப்பின் ஹக்கை அறிந்து பேணவும், கேட்ட செய்தியைத் தீர விசாரித்து நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.